பக்கத்து இலையில் என்ன? பிற பண்பாடுகளோடு பழகுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு அறைகள். பதினைந்து ஆண்டுகளாக வாடகைக்கு விடுகிறேன். ஊரில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருப்பதால் நாட்டின் நாலா மூலையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். “எப்படித்தான் இத்தனை பேரோடும் ஒத்துப்போகிறீர்கள்?” என்று அக்கம்பக்கத்தில் ஆர்வமாகக் கேட்பார்கள். சொந்தக்காரர்கள் அதையே வேறு குரலில் கேட்பார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

பிற பண்பாடுகளைத் தெரிந்துகொள்ள ஊர் ஊராகப் போக வேண்டாமா? அதற்கெல்லாம் பணம் ஏது?

முதலில் சாமான் அறைக்குப் போங்கள். செலவே இல்லை.

தூண் பர்மாத் தேக்கு, தரை இத்தாலிச் சலவைக்கல், கண்ணாடி பெல்ஜியம் என்று வீடு பார்க்க வருகிறவர்களிடம் ஒப்பிப்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். ஒப்பிப்பதோடு சரி. அந்தத் தேக்கை வெட்டியவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்று நாம் கேட்டதில்லை.

பரணில் பழைய மங்குத் தட்டு, கிண்ணம் (எனாமல் பூசிய பாத்திரம்) இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் என்று அடியில் முத்திரை இருக்கும். ‘மங்கு’ என்ற சொல்லும் கப்பலில் வந்ததுதான்; மலாய் மொழியில் கிண்ணத்துக்கு ‘மங்கோக்’ என்று பெயர். சுவரில் பூப்போட்ட பளபளப்பு டைல் பதித்த வீடுகளில், நம்ம கண்ணன் படமே ஜப்பானில் தயாராகி வந்து ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். யாரோ ஒரு ஜப்பானியத் தொழிலாளி, கண்ணனை ஒருநாளும் கும்பிடாதவர், மயிற்பீலிக்கு வண்ணம் தீட்டியிருக்கிறார். அவருக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் அது ஒரு நல்ல தொடக்கம்.

அப்புறம், எல்லாருக்கும் பெரிய வீடு இல்லை. எங்களுடையதும் ஓட்டு வீடாக இருந்து பிறகு மாடி எடுத்ததுதான். தாத்தா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த இடத்தில், சமையல்காரராக இருந்தவர். முதலாளிமார் ‘கொண்டு விற்க’, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனார்கள், இவர் கொட்டி வடிக்கப் போனார். அவர் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் சில ருசிகளும். அதுவும் சொத்துதான்.

சமையலில் எங்கே தொடங்குவது?

மசாலா டப்பாவில். கோழிக் குழம்புக்கு நாம் போடும் அன்னாசிப்பூ தென் சீனாவிலும் வடக்கு வியட்நாமிலும் விளையும் மரத்தின் காய். வியட்நாம்காரர்கள் அதையே பட்டை, கிராம்போடு சேர்த்து ‘ஃபோ’ என்ற நூடுல்ஸ் சூப்பில் போடுகிறார்கள். அவர்கள் அதை வறுத்து அரைப்பதில்லை. முழுசாக லேசாகச் சுட்டு, எலும்போடு மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, பிறகு வடித்துவிடுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு ரசம் மாதிரி வைத்துப் பாருங்கள். நமக்குத் தெரிந்த மணம்தான், ஆனால் காரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது முன்னால் வந்து நிற்கும்.

அடுத்தது கவுனி அரிசி, கறுப்பு நிற ஒட்டும் அரிசி. கல்யாணக் காலைப் பலகாரத்தில் அது இல்லாவிட்டால் இங்கே பேச்சு வந்துவிடும். ஆனால் அது பர்மாவிலிருந்து வந்த அரிசி. அங்கே ஒட்டும் அரிசிக்கு ‘கௌ ஞின்’ என்று பெயர், நம் வாயில் அது கவுனி ஆகிவிட்டது. நாம் இரவெல்லாம் ஊறவைத்து வேகவைத்து சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் சேர்த்து இனிப்பாக்கிவிட்டோம். அங்கே காலையில் ஆவியில் வேகவைத்து, இடித்த எள்ளும் உப்பும் தூவி, அவித்த பயறோடு சாப்பிடுவார்கள். தாத்தா அப்படித்தான் சாப்பிடுவார். “இனிப்பு விசேஷத்துக்கு, உப்பு வயித்துக்கு” என்பார். சின்ன வயதில் எங்களுக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. இப்போது எனக்கும் உப்புக் கவுனிதான் பிடிக்கிறது. வயசு காரணமா, சர்க்கரை வியாதி காரணமா, சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது, அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் சென்னை பர்மா பஜார் பக்கம் போட்ட தள்ளுவண்டிகளில் பிரபலமானது. பர்மிய மொழியில் ‘அதௌ’ என்றால் பிசைந்து கலந்தது. நூடுல்ஸ், நறுக்கிய கோசு, வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு, பூண்டு எண்ணெய், வறுத்த கடலைமாவு, மிளகாய்த்தூள். கரண்டி வேண்டாம், கையால்தான் பிசைய வேண்டும். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் இருந்தால் நிறைவு.

நாங்கள் சைவம். மற்றவர் வீட்டில் கை நனைப்பது எப்படி?

முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எதைச் சாப்பிட மாட்டோம் என்ற பட்டியலை விட, எதைச் சாப்பிடுவோம் என்று சொன்னால் சமைப்பவருக்குச் சுலபம். போன இடத்தில் மூக்கைச் சுளிக்காமல் இருப்பது மட்டும் பழக வேண்டும். பர்மியர்களின் ‘ஙப்பி’ நொதித்த மீன் விழுது. நம் கருவாட்டை அடுத்த தெருக்காரர் எப்படிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டால் சுளிப்பு தானாக அடங்கும்.

மொழி தெரியாதே. என்ன பேசுவது?

“சாப்பிட்டாச்சா?” போதும். மலாயில் “சுடா மாக்கான்?”, பர்மியத்தில் “தமின் சா பீபிலா?”, இந்தியில் “கானா காயா?” எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான். பர்மியத்தில் ‘சா’ என்றாலே சாப்பிடுவதுதான் என்று தாத்தா சொல்லிச் சிரிப்பார். தற்செயல்தான், ஆனால் ஒரு முறை கேட்டால் மறக்காது.

மலேசியாவில் சொந்தம் இருந்தால் அவர்களிடம் ஒரு விளையாட்டு விளையாடலாம். கடைக்கு ‘கெடை’, கப்பலுக்கு ‘கப்பல்’, பெட்டிக்கு ‘பெத்தி’, கட்டிலுக்கு ‘காத்தில்’. மலாய்க்காரர்கள் தம் சொல்லாகவே புழங்கும் இவை நம் பக்கத்திலிருந்து போனவை. அங்கிருந்து இங்கே வந்ததும் உண்டு. சவ்வரிசியில் உள்ள ‘சவ்’ அவர்களுடைய ‘சாகு’தான்.

இதெல்லாவற்றையும் விட முக்கியம், பெயர். எதிரில் இருப்பவரின் பெயரை அவர் சொல்கிற மாதிரி சொல்லப் பழகுங்கள். மூன்று முறை கேட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். “உன் பேரு வாயில நுழையல, ராஜான்னு கூப்பிடுறேன்” என்பதற்குத்தான் கோபிப்பார்கள், வெளியே காட்டமாட்டார்கள்.

வேலைக்கு வந்திருக்கும் வடக்கத்திப் பிள்ளைகளிடம் இதெல்லாம் பேசலாமா? அவர்கள் ஒரு மாதிரி ஒதுங்கியே இருக்கிறார்களே?

நாம் ஒதுக்கினால் அவர்கள் ஒதுங்குவார்கள். ‘வடக்கன்’, ‘இந்திக்காரன்’ என்ற இரண்டு சொல்லுக்குள் ஒடியா, வங்காளி, போஜ்புரி, மைதிலி, அசாமியா பேசுகிறவர்கள் அத்தனை பேரையும் அடைத்துவிடுகிறோம். நம்மை வடக்கே ‘மதராசி’ என்றபோது எவ்வளவு குதித்தோம்! ஒரு காலத்தில் நம் ஆட்களும் ரங்கூனில், பினாங்கில், கொழும்பில் இதே மாதிரி ஒரு அறையில் எட்டுப் பேர் படுத்தவர்கள்தான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எதிர் வீட்டில் பூச்சு வேலைக்கு வந்த ஒடிசா ஆட்கள் நான்கு பேர் எங்கள் மாடியில் தங்கியிருந்தார்கள். ஆடி, தீபாவளி, பொங்கல் எதுவானாலும் வெள்ளைப் பணியாரமோ சீயமோ மேலே போகும். சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். எனக்கும் பெருமை, நன்றாகப் பழகுகிறோம் என்று. ஒரு நாள் மதியம் அவர்களில் பெரியவர் இறங்கி வந்து, “மா, இன்னிக்கு எங்க சாப்பாடு, வாங்க” என்றார். நான் வழக்கம் போல, “அதெல்லாம் வேண்டாம்பா, நீங்க சாப்பிடுங்க” என்றேன். மரியாதைக்குத்தான் சொன்னேன். அந்த மனிதர் முகம் விழுந்த விதம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

அன்றைக்குத்தான் உறைத்தது. செட்டிநாட்டில் நமக்கு விருந்து வைக்கத் தெரியும். இலை போட்டு, பார்த்துப் பார்த்துப் பரிமாறி, வயிறு வெடிக்க அனுப்பத் தெரியும். விருந்தாளியாக உட்காரத்தான் தெரியவில்லை. கொடுக்கிற கை எப்போதும் நம்முடையதாகவே இருந்தால் அது பழக்கம் ஆகாது, தர்மம் ஆகிவிடும். பதினைந்து ஆண்டுகளில் நான் கற்றது இந்த ஒன்றுதான்.

மறுநாள் நானே போய்க் கேட்டேன், “நேத்து என்ன செஞ்சீங்க?” என்று. மறுபடி செய்தார்கள். பார்த்தால் நம்ம பழைய சோறு! ‘பகாலா’ என்கிறார்கள். வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்தது, கொஞ்சம் தயிர். தொட்டுக்கொள்ள, வெங்காயமும் பச்சை மிளகாயும் கடுகெண்ணெயும் போட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு, நொறுக்கிய உளுந்து வடகம். கடுகெண்ணெய் நெடி முதல் வாயில் மூக்கில் ஏறியது. மூன்றாவது வாயில் பழகிவிட்டது. பதிலுக்கு மோர் மிளகாய் வறுத்துக் கொண்டுபோனேன். ஒடிசாவில் மார்ச் 20-ஐப் பகாலா நாளாகவே கொண்டாடுகிறார்களாம். நாம் பழைய சோற்றை ஓட்டலில் மண் சட்டியில் ஊற்றி விலைக்கு விற்கத் தொடங்கிய பிறகுதான் மதிக்கிறோம்.

அவர்கள் சொல்லித்தான் ‘ரஜ’ பண்டிகையும் தெரிந்தது. ஜூன் நடுவில் மூன்று நாள். பூமித்தாய்க்கு மாதவிலக்கு என்று ஏர் பூட்டமாட்டார்கள், மண்ணைக் கிளறமாட்டார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை கிடையாது. புதுத் துணி உடுத்தி ஊஞ்சல் ஆடுவார்கள். நமக்கு ஆடிப் பதினெட்டில் காவிரி மசக்கைக்காரி என்றால் அவர்களுக்கு இப்படி. “உங்க வீட்டுல யார் அந்த மூணு நாள் சமைப்பாங்க?” என்று கேட்டேன். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. வேலை நேரத்தில், மேஸ்திரி நிற்கும்போது போய்ப் பேச்சுக் கொடுக்காதீர்கள். சம்பளம், ஆதார், ஏன் ஊரைவிட்டு வந்தாய் என்றெல்லாம் தோண்டாதீர்கள். அவர்களால் “சொல்லமாட்டேன்” என்று சொல்ல முடியாத இடத்தில் நாம் இருக்கிறோம்.

பண்டிகைகளில் எப்படிச் சேர்ந்துகொள்வது?

ஏப்ரல் நடுவை விட நல்ல சமயம் கிடையாது. சித்திரை ஒன்றாம் தேதியை ஒட்டிய இரண்டு மூன்று நாளில் கேரளத்தில் விஷு, வங்காளத்தில் பொய்லா பொய்ஷாக், அசாமில் பிஹு, பஞ்சாபில் வைசாகி, ஒடிசாவில் பணா சங்கராந்தி, இலங்கையில் சிங்களப் புத்தாண்டு. கடல் தாண்டினால் பர்மாவின் திஞ்ஞான், தாய்லாந்தின் சொங்கிரான். லாவோஸும் கம்போடியாவும் அதே நாட்களில். சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவதை வைத்துப் பழங்காலத்தில் போட்ட கணக்கு இத்தனை நாட்டிலும் இன்னும் ஓடுகிறது. பர்மாவில் அன்று தெருவில் போகிறவர் மேலெல்லாம் தண்ணீர் ஊற்றுவார்கள், யாரும் கோபிக்கக் கூடாது. ஒடிசாக்காரர்கள் வில்வப்பழச் சதையைக் கரைத்துப் பானகம் செய்வார்கள். நாம் அன்றைக்கு வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் சேர்த்துப் பச்சடி வைக்கிறோம். மாடியில் ஆள் இருந்தால் இரண்டையும் ஒரே திண்ணையில் வைத்துவிடலாம். அதற்கு மேல் விழா எடுக்க வேண்டியதில்லை.

ரமலான் மாதத்தில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிக் குடித்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மற்ற மதத்தாரின் வழிபாட்டு இடத்துக்குப் போகலாமா?

தாராளமாக. பக்கத்திலேயே இடைக்காட்டூரில் 1894-ல் எழுந்த திரு இருதய ஆலயம் இருக்கிறது. பிரான்சின் ரெய்ம்ஸ் நகரப் பேராலயத்தை மனத்தில் வைத்துக் கட்டியது. ஓரியூரில் 1693-ல் கொல்லப்பட்ட போர்ச்சுகல் பாதிரியார் அருளானந்தர் திருத்தலத்துக்கு எல்லா மதத்தாரும் போய் அந்தச் செம்மண்ணை எடுத்து வருகிறார்கள். பூசை நடக்கும்போது பின்வரிசையில் உட்காருங்கள். நற்கருணை அப்பம் கொடுக்கும்போது வரிசையில் போய் நிற்க வேண்டாம், அது அவர்களில் முறைப்படி பெற்றவர்களுக்கு மட்டும். பள்ளிவாசல் என்றால் தெரிந்தவர் ஒருவரோடு, வெள்ளிக்கிழமை மதியம் தவிர்த்துப் போங்கள். சீக்கியர்களின் குருத்வாரா போனால் தலையை மூடிக்கொள்ளுங்கள். லங்கர் என்ற பொதுச் சமையற்கூடத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாரோடும் சாப்பிடலாம்.

இது ஒருவழிப் பாதையும் இல்லை. பினாங்கில் தைப்பூச வெள்ளிரதத்துக்கு முன்னால் சீனர்கள் தேங்காயைக் குவித்து உடைக்கிறார்கள். சைகோன் மாரியம்மன் கோயிலில் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாம்காரர்கள்தான்.

பிள்ளைகளுக்கு?

பல்லாங்குழியை இறக்குங்கள். மலாய்க்காரர்கள் ‘சொங்காக்’ என்று ஆடுவதும் இதே குழி, இதே சோழி. ஒரு வித்தியாசம்: அவர்கள் பலகையில் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெரிய குழி, ஆளுக்கு ஒரு ‘வீடு’. சுற்றி வரும்போது தன் வீட்டில் ஒரு சோழி போட்டுவிட்டுப் போகலாம். இரண்டு கிண்ணத்தைப் பலகைக்கு இருபுறமும் வைத்தால் நம் பலகையே சொங்காக் ஆகிவிடும். ஆப்பிரிக்காவிலும் இதன் உறவுக்காரர்கள் பலர். பேத்திக்குப் பாடம் நடத்தினால் ஓடிவிடுவாள். ஆட்டத்தில் தோற்றால் மறுபடி வருவாள்.

புத்தகம், சினிமா?

சாகித்திய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் பிற இந்திய மொழிக் கதைகளைத் தமிழில் கொண்டுவருகின்றன; நூலகத்தில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். படம் பார்த்தால் டப்பிங்கில் வேண்டாம். மூலக் குரலில், எழுத்தைப் படித்துக்கொண்டு பாருங்கள். அழுகையும் திட்டும் அந்த மொழியில்தான் அழகு.

அவர்கள் பண்பாட்டை நாம் எடுத்துச் சமைப்பதும் உடுத்துவதும் தப்பில்லையா?

இதற்குப் பதில் சொல்ல நமக்கு நல்ல தகுதி இருக்கிறது, ஏனென்றால் நாமே பண்டமாகிவிட்டோம். நாடெங்கும் ஓட்டல் பலகையில் ‘செட்டிநாடு’ என்று போட்டு மிளகாய்த்தூளைக் கொட்டி விற்கிறார்கள். எங்கள் மசாலாவில் சேரும் கல்பாசி என்றால் என்னவென்று கேட்டால் முழிப்பார்கள். கானாடுகாத்தான் பக்கம் வருகிற சிலர் செருப்போடு வீட்டு வளவுக்குள் (உள்முற்றப் பகுதி) ஏறிப் படம் பிடிக்கிறார்கள், அதே ஊருக்கு வருகிற வேறு சிலர் வாசலில் நின்று, “உள்ளே வரலாமா?” என்று கேட்கிறார்கள். அந்த இரண்டாவது ஆள் மாதிரி இருங்கள்.

கண்டாங்கிச் சேலையை வெளியூர்ப் பெண் கட்டினால் எனக்குச் சந்தோஷம்தான், அதிலும் நெசவாளியிடம் வாங்கிக் கட்டினால். அதற்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அச்சடித்த போலியை வாங்கினால் அந்தக் காசு தறிக்குப் போகாது. நாம் அடுத்தவர் பொருளை வாங்கும்போதும் இதே கணக்குதான். யார் செய்தது, காசு யாருக்குப் போகிறது, பெயரைச் சரியாகச் சொல்கிறோமா? கோபி மஞ்சூரியனைச் சீனச் சாப்பாடு என்று சொல்லிக்கொண்டு திரிகிற நாம் இதில் பெரிய யோக்கியர்களும் இல்லை.

தெரியாமல் மனம் நோகும்படி ஏதாவது கேட்டுவிட்டால்?

நான் கேட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் மாடிக்கு ஒரு பெண் வந்தாள். பெட்டியைக்கூட இறக்கவில்லை, “சீனாவாம்மா, நேபாளமா?” என்று கேட்டுவிட்டேன். “இம்பால்” என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் வணக்கத்தோடு சரி. அந்தக் கேள்வியை அவள் ரயிலில், கடையில், வகுப்பில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பாள் என்று பிறகுதான் புரிந்தது. ஒரு நாள் மாலை படியில் நிறுத்தி, “அன்னைக்கு அப்படிக் கேட்டது தப்பு” என்று மட்டும் சொன்னேன். விளக்கம் சொல்லவில்லை. விளக்கம் சொல்லப் போனால் நம்மைச் சமாதானப்படுத்தும் வேலையும் அவர்கள் தலையில் விழுந்துவிடும்.

மறு வாரம் வீட்டில் கவுனி அரிசி வெந்துகொண்டிருந்தது. கீழே வந்தவள் மணம் பிடித்து நேராக அடுப்படிக்கே வந்து, சட்டிக்குள் எட்டிப் பார்த்து, “சக்ஹாவ்!” என்று கத்தினாள். அவர்கள் ஊர்க் கறுப்பரிசி, மணிப்பூரின் பெருமை. 2020-ல் புவிசார் குறியீடும் வாங்கியது. எங்கள் கவுனிக்கு நெருங்கிய சொந்தம். அன்று அடுப்படியிலேயே தாத்தா கதையைச் சொன்னேன். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது ரங்கூனை விட்டு லட்சக்கணக்கானவர்களோடு நடந்து, பர்மாவின் எல்லை ஊரான தமு வழியாக எல்லையைக் கடந்து, இம்பாலில் வந்து விழுந்தவர். அவளுடைய ஊர் வழியாகத்தான் அவர் உயிரோடு வீடு வந்தார். அந்த ஊர்ப்பெண்ணைத்தான் சீனாவா என்று கேட்டிருக்கிறேன். தமுவுக்கு எதிரே அவர்கள் பக்கத்தில் இருக்கும் மோரேயில் இன்றும் தமிழர்கள் இருக்கிறார்கள், கோயிலும் தமிழ்ச் சங்கமும் வைத்திருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். அங்கே தோசை சாப்பிட்டிருக்கிறாளாம், காரைக்குடி வருவதற்கு முன்னாலேயே.

அந்தத் தீபாவளிக்கு அவள் அம்மா ஒரு கிலோ சக்ஹாவ் அனுப்பினார். பக்கத்துப் பக்கத்து அடுப்பில் இரண்டையும் வைத்தோம், எனக்குத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும், அவளுக்குப் பால் பாயசம். பாலை எடுத்து ஊற்றப் போனேன், கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். அரிசி தண்ணீரில் நன்றாக மலர்ந்த பிறகுதான் பால் ஊற்ற வேண்டுமாம். அதுவரை என்னை உட்காரச் சொன்னாள்.